ஒன்பது மணிக் கைதட்டல்

நான் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் ரொட்டிக்கடைக்காரி. கடையில் யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால், "அடுத்த ஆளு வாங்க" என்று துரத்திவிடுகிறவள். ஆனால் இது நடந்தது. லோக்ரோன்யோ நகரத்தில், என் கடைக்கு எதிர்க் கட்டடத்தில், ஊரடங்கு போட்ட அந்த வருடம், மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. லெய்ரே என் கடை முக்காலியில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்பாதவர்கள் போய் அந்தக் கட்டடத்தில் ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள். வாடகை இப்போது மலிவுதான்.

லெய்ரே டாக்டர். படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பயிற்சியில் இருந்த சின்னப் பெண். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்னிடம் இரண்டு ரொட்டி வாங்குவாள். முகக்கவசம் அழுத்தி அழுத்தி அவள் மூக்குத்தண்டில் புண் ஆறவே இல்லை. ஆல்கஹாலைத் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றி, துணியைக் குப்பைப் பையில் போட்டு முடிச்சிட்டு, குளித்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். ஆஸ்பத்திரியில் மேலங்கி தீர்ந்துபோய், அதே மாதிரிக் குப்பைப் பைகளைத்தான் கிழித்து மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அதற்காகத்தானே எல்லோரும் எட்டு மணிக்குக் கை தட்டினோம்.

ஆமாம், எட்டு மணி. ராத்திரி எட்டடித்தால் ஊரே பால்கனிக்கு வந்துவிடும். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கைதட்டல். அந்தக் கட்டடத்தில் எல்லோரையும்விட ஓங்கித் தட்டுகிறவள் சாரோ. குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த வருடம் அவள்தான் தலைவி. லெய்ரே தெருவில் வருவது தெரிந்தால் போதும், "எங்க வீட்டுப் பொண்ணு வர்றா, தட்டுங்கய்யா!" என்று மேலிருந்து கத்துவாள். அவளுக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை செய்து கொடுத்தனுப்புவாள். லெய்ரேவும் "சாரோ அக்கா, சாரோ அக்கா" என்று உயிரை விடுவாள். "லிஃப்டுல மட்டும் வராத கண்ணு, அம்மாவுக்கு நுரையீரல் சரியில்ல பாரு" என்று சாரோ சொன்னபோதுகூட, அக்கா சொன்னால் சரிதான் என்று மூன்று மாடி ஏறினாள்.

அந்தக் கட்டடத்துக்கு நடுமுற்றம் ஒன்று, படிக்கட்டு இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக லிஃப்ட் ஒன்று. லெய்ரே இந்தப் படிக்கட்டில் மூன்றாம் மாடி. அந்தப் படிக்கட்டில் இரண்டாம் மாடியில், தெருப் பக்கம் சாரோவும் அவள் அம்மாவும். அதே மாடியில் பின்பக்கம் செவெரினோ. அவர் வீட்டுக்குத் தெருவைப் பார்த்த ஜன்னலே கிடையாது. சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்க்கும். லெய்ரேயின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு மாடி கீழே.

செவெரினோ மதுக் கிடங்கில் நாற்பது வருடம் பீப்பாய் உருட்டிய மனிதர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் அசுன் வேறு ஊரில், பாம்ப்லோனாவில். ரெண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. லெய்ரே வாங்கும் இரண்டாவது ரொட்டி அவருக்குத்தான். கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவாள்.

"தாத்தா, ரொட்டி மாட்டியிருக்கேன்!"

"யாருடி தாத்தா? எனக்கு இன்னும் கல்யாண வயசே தாண்டல."

ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்து, விளக்குகூடப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு அவள் கண்ணெதிரே மூன்று கிழவர்கள் போயிருந்தார்கள், பக்கத்தில் ஒரு சொந்தமும் இல்லாமல். ஒருவர் காதில் இவள்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அந்தப் பக்கம் பேத்தி பாடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் உயிர் போயிருந்தது. செவெரினோ எதிர் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். முதல்முறையாக அவர் கேலி செய்யவில்லை.

"எனக்கு அப்படி ஆகக்கூடாது, பொண்ணே. மூஞ்சி தெரியாத யாரோ பக்கத்துல நிக்க நான் சாகமாட்டேன்."

"அந்த முகமூடிக்குள்ள நான்தான் இருப்பேன். போதுமா?"

"எப்படிக் கூப்பிடுவேன்? உன் நம்பர் எழுதி வெச்சிருக்கேன். கண்ணாடியைத் தேடி எடுக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துருவேன். எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது அசுன் நம்பர் ஒண்ணுதான். கத்தலாம்னா மூச்சு வராது."

"ஜன்னல்ல நின்னு கை தட்டுங்க. எந்நேரமானாலும் ஓடி வந்துடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஆஸ்பத்திரியில் ஒருவரையும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. இந்த ஒருவரையாவது தனியாக விடமாட்டேன் என்று அவள் பிடித்த ஒரே பிடி அதுதான்.

மார்ச் கடைசி ஞாயிறு. முந்தைய இரவுதான், வருடா வருடம் கோடைக்காகச் செய்கிற மாதிரி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தோம். லெய்ரே ரொட்டியோடு எதிர்ப் படிக்கட்டுக்குப் போனாள். கீழேயே சாரோ பினாயில் வாளியோடு நின்றிருந்தாள்.

"ரொட்டி வேண்டாம் கண்ணு. அவரு இங்க இல்ல. நேத்து ராத்திரியே அசுன் கார்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டா."

"ராத்திரியேவா? எங்கிட்டச் சொல்லாமயா?"

"உன் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்னாரு. உம்மேல அவ்வளவு பாசம் மனுஷனுக்கு."

லெய்ரேவுக்கு வருத்தம்தான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே கிழவர், என்று நினைத்தாள். ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. மகளிடம் இருக்கிறார், இனி என்ன பயம். இரண்டாவது ரொட்டியையும் அவளே தின்றாள்.

அன்று எட்டு மணிக் கைதட்டலின்போது தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. புது நேரம் அல்லவா. தட்டி முடித்து எல்லோரும் உள்ளே போனார்கள். ஊர் அடங்கியது. லெய்ரே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒன்பது.

டப்... டப்... டப்...

கைதட்டல். ஒரே ஆள். நிதானமாக. கீழே, எதிர்ப் பக்கத்திலிருந்து.

குழாயை மூடினாள். செவெரினோவின் ஜன்னல் சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

"தாத்தா?"

நின்றது. பிறகு மறுபடி... டப்... டப்...

அவசரமாக சாரோவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அவர் வீட்டுக்குள்ள யாரோ கை தட்டறாங்க. அது எங்களுக்குள்ள பேசி வெச்சது. அவருக்கு முடியலைன்னா..."

"ஏண்டி, நல்லாத்தான் இருக்கியா? மத்தியானம்தான் அசுன் போன் பண்ணா. மனுஷன் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டுத் தூங்கறாராம். அங்க யாருமில்ல."

"ஆனா எனக்குக் கேக்குதே..."

"நாள் பூரா செத்தவங்களைப் பார்த்துட்டு வர்றே. கேக்காம என்ன செய்யும்? போய்ப் படு, கண்ணு."

சாரோ அக்கா பொய் சொல்வாள் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? போய்ப் படுத்தாள்.

திங்கள். அன்றும் எட்டுக்கு ஊர் தட்டியது. ஒன்பதுக்கு முற்றம் தட்டியது.

இந்த முறை விட்டுவிட்டு வரவில்லை. விடாமல் வந்தது. முற்றத்தைச் சுற்றி எத்தனையோ ஜன்னல்கள். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லையா? கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார்களா?

லெய்ரே ஒரு காரியம் செய்தாள். செவெரினோவின் வீட்டுப் போனுக்கு அடித்தாள். எதிர்ச் சுவருக்குப் பின்னால் மணி அடிப்பது அவளுக்கு இங்கேயே கேட்டது. டிரிங்... டிரிங்... கைதட்டல் நின்றது. நான்காவது மணியில் போனும் நின்றது.

யாரோ எடுத்திருந்தார்கள்.

"தாத்தா? நீங்களா?"

மூச்சுச் சத்தம் இல்லை. அதுதான் அவளைக் குலுக்கியது. இரண்டு எட்டுக்கே இரைக்கிற மனிதர். போனை எடுத்தால் முதலில் வருவது அவர் மூச்சுத்தான். இப்போது ஒன்றுமே இல்லை...

பிறகு, காதுக்குள்ளேயே...

டப்.

போனைக் கீழே போட்டுவிட்டாள்.

செவ்வாய். சமையலறைக் கதவைச் சாத்தினாள். டிவியைச் சத்தமாக வைத்தாள். முன்னறையில் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பது.

முற்றத்தில் சத்தம் இல்லை.

அப்பாடா என்று எழுந்தாள்...

டப்... டப்...

வாசல் கதவுக்கு வெளியே.

கதவு ஓட்டையில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அது எரியும். வெளியே யாரும் இல்லை. அவள் கழற்றிப் போட்ட செருப்பு மட்டும் கிடந்தது.

டப்...

அப்போதுதான் கவனித்தாள். சத்தம் கதவின் நடுவிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. அவள் முழங்கால் உயரத்திலிருந்து. நிற்கிறவன் தட்டுகிற மாதிரி இல்லை.

விளக்கு தானாக அணைந்தது. சத்தமும் நின்றது.

அன்று இரவு அவள் கதவில் முதுகைச் சாய்த்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பயத்தைவிட ஒரு கேள்விதான் அவளைத் தின்றது. அவர் நிஜமாகவே பாம்ப்லோனாவில் இருக்கிறாரா?

புதன்கிழமை ஒன்பதடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிர்ப் படிக்கட்டில் ஏறினாள். விளக்குப் போடவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

செவெரினோவின் கதவுக்கு முன்னால் சாரோ குனிந்திருந்தாள். கீழே மூடி போட்ட சூப்புப் பாத்திரம். மூடியைத் திறந்து பார்த்தாள். நிறைய இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் இன்னொரு பாத்திரத்தை வைத்தாள்.

"யாருக்கு அக்கா சூப்பு?"

சாரோ கையிலிருந்த பாத்திரம் நழுவிப் படியெல்லாம் உருண்டது.

"ஐயோ... நீயா... இல்ல கண்ணு, இது வந்து..."

"அவர் பாம்ப்லோனாவுல மூக்குப் பிடிக்கச் சாப்பிடறாருன்னியே?"

"கத்தாத. அம்மா முழிச்சுக்குவாங்க."

"உள்ளதான் இருக்காரா? எத்தனை நாளா சூப்பு எடுக்கல?"

சாரோ புதுப் பாத்திரத்தைக் காலால் ஓரம் தள்ளினாள்.

ஒன்பது.

டப்...

கதவுக்கு உள்ளே. கீழே. முழங்கால் உயரத்தில்.

டப்... டப்...

சாரோவுக்கும் கேட்டது. அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. "உசுரோட இருக்காரு..." என்று கத்தினாள். "கடவுளே, உசுரோடதான் இருக்காரு!"

"கதவை உடைக்கணும். யாரையாவது கூப்பிடு!"

சாரோ மெல்ல, உடுப்புப் பையில் கையை விட்டாள். அவர் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்தாள்.

லெய்ரே அந்தச் சாவியையே பார்த்தாள். பிறகு பிடுங்கினாள்.

பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது.

"தாத்தா, நான்தான். லெய்ரே. வந்துட்டேன். கொஞ்சம் நகருங்க..."

டப்.

அத்தோடு நின்றது.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இடுக்கு வழியாகக் கையை விட்டு, கழுத்தில் விரலை வைத்தாள். டாக்டர் கை. தொட்டதுமே தெரிந்துவிட்டது.

சில்லென்றிருந்தது. சற்று முன் தட்டிய கை இல்லை அது. அன்று காலை செத்த உடம்பும் இல்லை. நேற்றைய உடம்பும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரியே போய்விட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள். கதவைத் திறக்க வந்து, முடியாமல், அதிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வாசல் நடையிலிருந்த போனின் ரிசீவர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் சனிக்கிழமையிலிருந்தே. அப்படித் தொங்குகிற போனில் மணி அடிக்காது. நீங்களே உங்கள் வீட்டில் சோதித்துப் பாருங்கள். திங்களன்று மணி எப்படி அடித்தது, யார் எடுத்தது... என்னைக் கேட்காதீர்கள்.

உடம்பை எடுத்துப் போகிறவரை சாரோ படியில் உட்கார்ந்து அழுதாள்.

"சனிக்கிழமை ஒரே இருமல். பயந்துட்டேன் லெய்ரே. நீ உள்ள போவே, வருவே, ஆம்புலன்ஸ் வரும், படியெல்லாம் ஒட்டிக்கும். எங்கம்மா தாங்கமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை தட்டினேன், சத்தமே இல்ல. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

"சாவி எங்க இருந்துச்சு?"

"பையிலதான்..."

லெய்ரே அதற்கு மேல் அவளிடம் பேசவில்லை. அன்றைக்குப் பேசாதவள், அப்புறமும் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எதிரி செஞ்சிருந்தா தாங்கியிருப்பேன். அவ கையால வாங்கித் தின்னேனே."

மறுநாள் எட்டு மணிக்கு சாரோ பால்கனியில் நின்று கை தட்டினாள். என் கண்ணால் பார்த்தேன். கடைக் கதவை ஓங்கிச் சாத்தினேன். வேறென்ன செய்ய?

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அசுன் என் கடைக்குப் போன் பண்ணி லெய்ரேயைக் கேட்டாள். அந்த நேரம் அவள் இங்கேதான் இருந்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

அசுன் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"சாவடிச்சவ யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமை எட்டேகாலுக்கு அப்பா எனக்குப் போன் பண்ணாரு. மூச்சே வரல. ஆம்புலன்ஸுக்குப் போட்டேன், லைனே கிடைக்கல. சாரோவுக்குப் போட்டேன். டாக்டர் பக்கத்துலயே இருக்காங்க, கவலைப்படாதன்னா. திரும்ப அப்பாவுக்குப் போட்டா, லைன் பிஸி. அன்னையிலேர்ந்து எப்போ போட்டாலும் பிஸி. சாரோவைக் கேட்டா, ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, டாக்டர்தான் பார்த்துக்கறாங்கன்னா. நம்பினேன். ஆனா அப்பா எங்கிட்டப் பேசினப்போ உங்களைத்தான் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"எட்டு மணியிலேர்ந்து தட்டறேன்னாரு. ஜன்னல்ல நின்னு, உசுரைப் பிடிச்சுக்கிட்டு..."

லெய்ரே முக்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மணி. ஊரே தட்டுகிற நேரம். தெருவில், முற்றத்தில், மேலே, கீழே எல்லோரும் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவரும் தட்டியிருக்கிறார். அத்தனை கைகளுக்கு நடுவே அந்த ஒரு ஜோடிக் கை. செத்த பிறகு நாம் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? நம்முடைய ஒன்பது, அவருக்கு அதே எட்டு. வேறு யாரும் தட்டாத எட்டு.

"நான் சமையலறையிலதான் இருந்தேன்..." என்றாள் லெய்ரே. "அவரைப் பார்த்தேன். சிரிச்சேன். எனக்காகத் தட்டறாருன்னு..."



"அப்போ அப்பா சொன்னது நிஜம்தானா?" என்றாள் அசுன். "'அவ என்னைப் பார்த்தா. நன்றின்னு கையை ஆட்டினா. ஜன்னலைச் சாத்திட்டா'ன்னாரு. அதுக்கப்புறம் அவர் எதுவும் பேசல."